காலையில் எடுத்து மாலையில் போட்டால் அது இதயச் செல் இல்லை

1/
நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டில் யாருக்காவது இதயம் பலவீனம் என்று சொல்லி, "ஸ்டெம் செல் போட்டா சரியாகிடும்"னு யாராவது பணம் கேட்டிருந்தால் கண்டிப்பா கடைசி வரை படிங்க.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எம்பிபிஎஸ். இதய நிபுணரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2/
ஆலங்குடி பக்கத்து விவசாயி ஒருவர். அறுபதைத் தொட்டவர். மகனுக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், படி ஏறினால் மூச்சு வாங்குது, கால் வீங்குது என்று ஊர் திரும்பினான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயம் விரிந்து, சுருங்கும் பலம் குறைந்திருந்தது. இஎஃப் 24. அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. சாதாரணமா 55க்கு மேல் இருக்கும். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. தசையிலேயே நோய். டைலேட்டட் கார்டியோமயோபதி.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதா மாதம் மாத்திரை வாங்கவும் பிரஷர், எடை பார்க்கவும் என் ஓபிக்கு வருவார்கள்.

3/
ஒருநாள் அப்பா மட்டும் தனியாக வந்தார்.

"சார், ஒரு பெரிய ஊர்ல ஸ்டெம் செல் போடுறாங்களாம். புது இதயச் செல் வளந்துருமாம். 6 லட்சம். தோப்பை பேசி முடிச்சிட்டேன். முன்பணம் ஐம்பதாயிரம் கட்டிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தத் தோப்பின் கதை எனக்குத் தெரியும். 2018 நவம்பர் கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்து, அடுத்த வருடம் கன்று வாங்கி வைத்தது. இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கிறது.

ஓபியில் நூறு பேர் நிற்கிறார்கள். நான் சொன்னது ஒரே வரி: "ஐயா, அதெல்லாம் ஏமாத்து வேலை. போகாதீங்க."

4/
அவர் போகவில்லை. செல்போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். கண்ணாடித் தட்டில் செல்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கின்றன. லப், லப், லப்.

"அப்ப இது பொய்யா சார்?"

என்னிடம் பதில் இல்லை. ஏன்னா அந்த வீடியோ பொய் இல்லை. அப்படிச் செல்கள் தட்டில் துடிக்கும் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் தெரியாது.

"ஒரு வாரம் டைம் குடுங்க ஐயா. படிச்சுட்டு சொல்றேன்" என்றேன். அவர் முகத்தில், 'நீங்க எம்பிபிஎஸ் தானே' என்பது தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை. தெரியாத விஷயத்தை ஒரே வரியில் மறுத்தவன் நான்தான்.

5/
அன்று நைட் டூட்டி. முதலில் கூகிளில் தமிழில் தேடினேன். வந்தது முழுக்க விளம்பரம். பிறகு பப்மெட் போனேன். உலகத்தில் வரும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் பெரிய பட்டியல் அது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறைய கட்டுரைகள் முழுதாகவே இலவசம்.

நான் தேடியது புரோட்டோகால்களை. புரோட்டோகால் என்றால் செய்முறை. எந்தச் செல்லை எடுக்கணும், எந்த நாள் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம். நம்ம வீட்டு சமையல் குறிப்பு மாதிரிதான்.

ஒரு கோடு போட்ட நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்.
எதில் தொடங்குறாங்க?
எந்த நாள் என்ன போடுறாங்க?
எத்தனாவது நாள் துடிக்குது?
கடைசியில் எத்தனை சதவீதம் இதயச் செல்?
மிச்சம் இருப்பது என்ன?

நடுவில் ஒரு பாம்புக்கடி, ஒரு பிரசவம். விடியும்போது இரண்டு கட்டுரைதான் முடிந்திருந்தது. மொத்தம் நாலு ராத்திரி ஆச்சு.

6/
பழசிலிருந்து வருவோம்.

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தது. 2001இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் அந்த வகைச் செல்லை உருண்டை உருண்டையாக மிதக்கவிட்டு வளர்த்தபோது சில உருண்டைகள் தானாகத் துடித்தன. நூறில் எட்டு போல. மருந்து போட்டு வழிநடத்தவில்லை. விதையைத் தூவிவிட்டு எது முளைக்குதோ பார்ப்போம் என்கிற கதை.

2007இல் சியாட்டிலில் இரண்டு வளர்ச்சிப் புரதங்களை, ஆக்டிவின் ஏ, பிஎம்பி4, வரிசையாகக் கொடுத்தார்கள். இதயச் செல் 30 சதவீதத்தைத் தாண்டியது.

அதே 2007இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா மனிதத் தோல் செல்லுக்குள் நாலு மரபணுக்களைச் செலுத்தி, அதைப் பழைய கருநிலைக்கே திருப்பினார். அதுதான் ஐபிஎஸ் செல். 2012இல் ஜான் குர்டனுடன் சேர்ந்து நோபல் பரிசு. இனி கரு தேவையில்லை, நோயாளியின் தோலோ ரத்தமோ போதும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

7/
இப்போது ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் இரண்டு செய்முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, விஸ்கான்சினில் லியான், பாலெசெக் குழு 2012, 2013இல் வெளியிட்டது. இன்னொன்று, ஸ்டான்ஃபோர்டில் பர்ரிட்ஜ், ஜோசப் வூ குழு 2014இல் வெளியிட்டது.

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். செல்லுக்குள் 'விண்ட்' என்று ஒரு சிக்னல் பாதை இருக்கிறது. முதலில் அதை ஆன் பண்ணணும். அப்போது செல், தசை, ரத்தம், இதயம் எல்லாம் உருவாகும் நடு அடுக்குக்கு வரும். சரியான நேரத்தில் அதையே ஆஃப் பண்ணணும். அப்போதுதான் இதயத்தின் பக்கம் திரும்பும். ஆன் பண்ண ஒரு வேதிப்பொருள், ஆஃப் பண்ண ஒரு வேதிப்பொருள். இவ்வளவுதான்.

கேட்க எளிதா இருக்கு இல்லையா? இனிமேல்தான் விஷயம்.

8/
விஸ்கான்சின் முறையில் ஆன் பண்ணும் மருந்து 12 மைக்ரோமோலார், 24 மணி நேரம். மூன்றாம் நாள் ஆஃப்.

ஸ்டான்ஃபோர்டு முறையில் அதே மருந்து 6 மைக்ரோமோலார், 48 மணி நேரம். இரண்டாம் நாளே ஆஃப்.

அளவு பாதி, நேரம் இரட்டை. முதல் முறையில் ஊட்டச்சத்துக் கரைசலில் 21 பொருட்கள் கொண்ட கலவை சேர்க்கிறார்கள். அதிலும் முதல் ஏழு நாள் இன்சுலின் கூடாது, பிறகுதான். இரண்டாவது முறையில் அடிப்படைக் கரைசலோடு இரண்டே பொருள்: ஆல்புமின், வைட்டமின் சியின் ஒரு வகை.

முதல் குழு சொல்லும் பலன் 14 நாளில் 80 முதல் 98 சதவீதம். இரண்டாவது குழு 11 பேரின் ஐபிஎஸ் செல்களில் செய்து பார்த்து 95 சதவீதம் வரை என்கிறது.

எண்ணைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. 98 சதவீதம்னா அப்புறம் என்ன தயக்கம்னு தோணிச்சு.

9/
ஆனால் செய்முறையின் உள்ளே போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் செல்லுக்கு ஏற்ற மருந்தளவை நீங்களே சோதித்துக் கண்டுபிடியுங்கள். தட்டில் செல்களின் நெருக்கம் எவ்வளவு என்பதையும் நீங்களே பாருங்கள்.

அம்மா தயிர் உறை ஊற்றும் கதைதான் ஞாபகம் வந்தது. அதே பால், அதே உறைமோர். பக்கத்து வீட்டில் கெட்டியா வரும், நம்ம வீட்டில் நீரா நிற்கும். சூடு கொஞ்சம் கூட, நேரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருவரின் செல்லில் 95 வந்த செய்முறை இன்னொருவரின் செல்லில் 40க்கு இறங்கலாம். அதே ஆய்வகத்தில், அதே செல்லில், போன வாரம் வந்தது இந்த வாரம் வராமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்கிறார்கள்.

10/
எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ட்ரோபோனின் டி.

நெஞ்சுவலின்னு வந்தால் நாங்கள் கேஷுவாலிட்டியில் ரத்தத்தில் பார்க்கும் அதே புரதம்தான். இதயத் தசைக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் தெரிந்தால் தசை சேதம் என்று நாங்கள் முடிவு பண்ணுவோம். அவர்கள் தட்டில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். இருந்தால் இதயச் செல், இல்லாவிட்டால் வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ'வை நீக்க 2013இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு ஒரு வழி சொன்னது. சர்க்கரையை நிறுத்திவிட்டு லாக்டேட் மட்டும் கொடு. இதயத் தசை அதைச் சாப்பிட்டுப் பிழைக்கும், மற்றவை பட்டினியில் சாகும். 99 சதவீதம் வரை சுத்தம்.

11/
மிச்சம் 1 சதவீதம்தானே என்று விட முடியாதா?

முடியாது. கருநிலையிலேயே நின்றுபோன செல் சில இருந்தால் உடம்புக்குள் கட்டியாக வளரலாம்.

இதயச் செல்லிலும் சிக்கல் இருக்கு. தட்டில் வளர்ந்தது பெரியவர்களின் இதயச் செல் மாதிரி இல்லை, சிசுவின் இதயச் செல் மாதிரி. யாரும் சொல்லாமலே தானாகத் துடிக்கும். அந்த வீடியோவில் துடிக்கிறதே, அதுதான் அதன் அழகு, அதுதான் ஆபத்தும். உங்கள் இதயம் ஒரு தாளத்தில் துடிக்கும்போது உள்ளே வைத்த செல் தன் தாளத்தில் துடித்தால்?

2014இல் சியாட்டில் குழு குரங்குகளின் இதயத்தில் 100 கோடி இதயச் செல்களைச் செலுத்தியது. செல்கள் பிழைத்தன, இதயத்தோடு சேர்ந்தன. கூடவே குரங்குகளுக்குத் துடிப்புக் கோளாறும் வந்தது.

100 கோடி எதற்கு என்றால், பெரிய மாரடைப்பு ஒன்றில் மனிதனுக்குச் சாகும் இதயச் செல்களே அந்த அளவுக்கு வரும். ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் ஏற்றிவிட்டு வரும் வேலை இல்லை இது.

12/
நாலாவது ராத்திரி நோட்டின் ஓரத்தில் சும்மா நாள் கணக்கு போட்டேன். பதில் அங்கேதான் இருந்தது.

ரத்தம் எடுத்து ஐபிஎஸ் செல்லாக மாற்றி, வளர்த்து, மரபணு கெடவில்லையா என்று சோதிக்க: சில மாதங்கள்.
அதிலிருந்து இதயச் செல்லாக மாற்ற: 14 நாள்.
சுத்தம் செய்ய: இன்னும் சில நாட்கள்.
கிருமி, கட்டி அபாயம், சுத்த சதவீதம் எல்லாம் பார்க்க: அதற்கும் மேல்.

இப்போது அப்பா கொண்டுவந்த மடக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் துடிக்கும் செல்லின் படம். பின்பக்கம் சின்ன எழுத்தில்: காலையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்கப்படும், அன்று மாலையே செலுத்தப்படும், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்.

படத்தில் இருப்பது ஒரு செல். ஊசியில் இருப்பது வேறு செல். எந்தச் செய்முறையிலும் காலையில் எடுத்தது மாலையில் இதயத் தசை ஆகாது. எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

13/
"மஜ்ஜைச் செல்லும் ஸ்டெம் செல்தானே, உள்ளே போய் இதயமா மாறாதா?" நியாயமான கேள்வி.

2001இல் அப்படி மாறுவதாக எலிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. முக்கியமான ஆய்வாளர் பியரோ அன்வெர்சா. உலகமே கொண்டாடியது. 2004இல் வேறு இரண்டு குழுக்கள் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தன. மஜ்ஜையின் ரத்த ஸ்டெம் செல் இதயத் தசையாக மாறவில்லை. 2018இல் அவரது ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே சொன்னது.

அந்தப் பதினேழு வருடத்தில் நம்ம ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது "ஸ்டெம் செல் போட்டா இதயம் வளரும்" என்ற வரி மட்டும். 2018இல் நடந்தது வந்து சேரவே இல்லை.

14/
அப்போ ஐபிஎஸ் இதயச் செல் வீண் வேலையா? இல்லவே இல்லை.

2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் செல்லிலிருந்து செய்த இதயத் தசைத் தகட்டை ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் தசைத் துண்டாகவே வளர்த்து ஒட்டும் ஆய்வு நடக்கிறது. இவை கண்காணிப்பில், சிலருக்கு மட்டும் நடக்கும் சோதனைகளாகத் தொடங்கியவை.

அதைவிட இன்று நடக்கும் பெரிய பயன், நோயைத் தட்டில் வைத்துப் பார்ப்பது. நோயாளியின் ரத்தத்திலிருந்து அவர் இதயச் செல்லையே தட்டில் செய்து, எங்கே கோளாறு, எந்த மருந்து கேட்குது என்று சோதிக்கலாம்.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2009இல் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்பதைத் தேட இந்தத் தட்டுச் செல்கள் உதவுகின்றன. வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆய்வு மையமே இருக்கிறது, ஐபிஎஸ் வேலையும் அங்கே நடக்கிறது.

15/
ஒரு வாரம் கழித்து அப்பாவும் மகனும் வந்தார்கள். ஓபி முடியும் வரை உட்காரச் சொன்னேன். ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு காலண்டர் வரைந்தேன். மேலே ஆய்வகத்தின் நாள் கணக்கு, கீழே அந்த மடக்குத் தாளின் நாள் கணக்கு.

"ஐயா, நீங்க காட்டுன வீடியோ உண்மை. அன்னைக்கு ஏமாத்துன்னு ஒரேயடியா சொன்னது என் தப்பு. ஆனா அவங்க போடப்போறது அந்தச் செல் இல்ல."

அவர் ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். தென்னங்கன்று வைத்து ஆறு வருடம் காத்திருந்தவர். நாள் கணக்கு அவருக்குப் புரியாதா?

"கன்னு வச்ச அன்னைக்கே எளநி வெட்டித் தர்றேங்கிறான்" என்றார். நாலு ராத்திரி படித்து நான் சொல்ல வந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

16/
பிறகு மகன் கேட்டான். "சார், அந்த உண்மையான செல்லு என் காலத்துக்கு வருமா?"

"தெரியாதுப்பா. வரலாம். வரும்போது நீ இருக்கணும், இதயம் இதைவிட மோசமாகாம இருக்கணும். அதுக்கு இப்ப நம்ம கையில இருக்கறது இந்த மாத்திரைதான்."

அப்போதுதான் தெரிந்தது, மடக்குத் தாளை நம்பி அவன் இரண்டு வாரமாக மாத்திரையைப் பாதியாக்கியிருந்தான். 'எப்படியும் புது செல் போடப்போறோமே.' எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. கால் வீக்கம். நான் பயந்தது 6 லட்சத்துக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

17/
அன்றே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். நீர் இறக்கி, மாத்திரைகளைச் சரிசெய்து அனுப்பினார்கள். இதயச் செயலிழப்புக்கு இன்று நாலு வகை மாத்திரைகள் சேர்ந்து உயிரைக் காப்பாற்றுகின்றன என்பதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்த ஆதாரம் இருக்கிறது. மெட்டோபுரோலால், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் பழைய மாத்திரைகள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவை. டாபாகிளிஃப்ளோசின் இப்போது ஜெனரிக்கில் குறைந்த விலைக்கே வருகிறது. இவற்றை யாரும் வீடியோ போட்டு விளம்பரம் செய்வதில்லை.

எட்டு மாதம் கழித்து எக்கோ. இஎஃப் 37. எல்லாருக்கும் இப்படி ஏறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவனுக்கு ஏறியது. மரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. கடைவீதி வரை நடக்கிறான். இன்னும் மோசமானால் இதய மாற்று அறுவை வரை போக வேண்டியிருக்கும். அதற்கும் தமிழ்நாட்டில் அரசின் உறுப்பு மாற்று ஆணையம் மூலம் பதிவு செய்ய வழி உண்டு.

தோப்பு இருக்கிறது. கொடுத்த ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை.

18/
உங்களிடம் யாராவது இதயத்துக்கு ஸ்டெம் செல் என்று வந்தால் இதை மட்டும் கேளுங்க.

எந்தச் செல்? மஜ்ஜையா, தொப்புள்கொடியா, கொழுப்பா, ஐபிஎஸ்ஸிலிருந்து செய்த இதயச் செல்லா?
எடுத்த நாளுக்கும் போடும் நாளுக்கும் நடுவில் எத்தனை நாள்?
எத்தனை சதவீதம் இதயச் செல் என்று அளந்த ரிப்போர்ட் எங்கே?
இது ஆராய்ச்சியா? அப்படியானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் என்ன? அந்த எண்ணை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.
ஆராய்ச்சி என்றால் என்னிடம் ஏன் பணம்?

கடைசிக் கேள்வி முக்கியம். ஐசிஎம்ஆரின் 2017 தேசிய வழிகாட்டுதல்படி ரத்த நோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எதுவும் சிகிச்சையாக ஏற்கப்பட்டதல்ல. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

19/
சக மருத்துவர்களுக்கு ஒன்று. நோயாளி வீடியோவோடு வந்தால் ஒரு வரியில் மறுக்காதீங்க. நான் அப்படித்தான் செய்தேன். அவர் அன்று எழுந்து போயிருந்தால் தோப்பும் போயிருக்கும், பையனும் மாத்திரையை முழுசா நிறுத்தியிருப்பான். "எனக்குத் தெரியல, படிச்சுட்டு சொல்றேன்" என்று சொல்வதால் நம்ம மரியாதை குறையாது.

இதயம் பலவீனமான நோயாளிகளுக்கு ஒன்று. தினமும் காலையில் எடை பாருங்க. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவமனைக்கு வாங்க. உப்பைக் குறைங்க. யார் என்ன சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

பகிருங்க. யாரோ ஒருவரின் தோப்பு மிஞ்சும்.


அரசு மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்